சர்வே எண் 118/2-இல் எழுந்த புகை

நாவல்மேட்டுச் சடையப்பன் தும்மினால்கூட மூன்று நகல் எடுத்துக்கொண்டுதான் தும்முவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படியெல்லாம் மிகைப்படுத்த மாட்டேன். இரண்டு நகல்தான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே பழவேற்காட்டு ஏரியைப் பார்த்து ஒரு பஸ் போகும். ஓட்டுநருக்கு மேற்கொண்டு போக மனமில்லாமல் அது திரும்பிவிடுகிற இடம்தான் நாவல்மேடு. அந்த பஸ்ஸுக்காக மனு போட்டவர் சடையப்பன். பஸ் வந்தது, ஆனால் மனுவால் வரவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போகும் பெரிய இடத்துப் பெண் ஒருத்திக்காக வந்தது. தெருவிளக்குக்கு மனு போட்டார். பதின்மூன்று வருஷம் கழித்துக் கம்பம் வந்தது, அதுவும் வேறு ஊருக்குப் போக வேண்டியது லாரி பழுதானதால் இங்கே இறங்கியது. இப்படி அறுபத்தோரு மனு. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. பதிவுத் தபால் ரசீதுகளை மட்டும் மளிகைக் கடைக்காரர் போலக் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் அவை சலசலக்கும். அவர் மனைவி செல்வி, "அரசாங்கம் பேசுது, போய் இன்னான்னு கேளு" என்பாள்.

நிலம் இருந்தது, ஒன்றேகால் காணி. அப்பா தணிகாசலம் காலத்தில் சம்பா விளைந்து வண்டி வண்டியாகப் போன நிலம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கோடை தோறும் கடல்தண்ணீர் கால்வாய் வழியே எதிர்த்து ஏறத் தொடங்கியது. முதலில் கிணற்றுத் தண்ணீரை எருமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறு வருஷம் நாற்று பழுத்தது. அதற்கடுத்த வருஷம் வயல் முழுக்க யாரோ கோலமாவு தூவியதுபோல் வெள்ளை பூத்தது. பிறகு எதையும் கேட்காமல் சீமைக் கருவேலம் வந்து குந்திக்கொண்டது.

முள் மரத்தை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்? வெட்டினார், அடுக்கினார், மேலே வைக்கோலும் சேறும் பூசினார். கரி மூட்டம் போடக் கற்றுக்கொண்டார். மரத்தை எரிய விடாமல் வேக விட வேண்டும். எட்டு ஒன்பது நாள் புகையைப் பார்த்துக்கொண்டே கிடந்து, புகை வெள்ளையிலிருந்து நீலமானதும் காற்றுத் துளைகளைச் சேற்றால் அடைத்து, மேற்கொண்டு நாலு நாள் ஆறப்போட வேண்டும். பாதியில் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய் அத்தனையும் பற்றிக்கொள்ளும், சாம்பல்தான் மிஞ்சும். அவரும் செல்வியும் முறை வைத்துக் காவல் காப்பார்கள். மாதம் ஒரு மூட்டம். பட்டணத்து டீக்கடைகளுக்கும் இஸ்திரி வண்டிகளுக்கும் போகும்.

நெல் விளைந்த காலம்வரை அவரை 'தணிகாசலம் மகன்' என்ற ஊர், கரி போட ஆரம்பித்ததும் 'கரிச்சடை' என்றது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் வேட்டியை இழுத்துச் செருகிக்கொள்வார். சடையப்பன் கண்டுகொள்ள மாட்டார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. சாவதற்குள் அந்த ஒன்றேகால் காணியில் ஒரு போகம், ஒரே ஒரு போகம், நெல் அறுத்துவிட வேண்டும். மூட்டமெல்லாம் அதுவரைக்கும் உயிரைப் பிடித்து வைக்கிற ஏற்பாடு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. செல்விக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழு அக்டோபரில், ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற ஒரு நாள், கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் மாஹிரா. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண், பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்துவிட்டு ஏதோ ஒரு தன்னார்வச் சங்கத்தில் வேலை. தலையில் முக்காடும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக, மண்ணெண்ணெய் வரிசையை விட்டு யாரும் நகர மாட்டார்கள் என்று தெரிந்து, வரிசைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினாள்.

உலகம் முழுக்க எரிக்கிற நிலக்கரியும் டீசலும் வானத்தில் கம்பளிபோல் மூடிக்கொண்டிருக்கிறது, பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்றாள். டிசம்பரில் பாலித் தீவில் எல்லா நாடுகளும் கூடுகின்றன. புகையைக் குறைப்போம் என்று கட்டுப்பட நம் அரசு தயங்குகிறது, பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும் என்கிறது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் நியாயம் பேசி முடிப்பதற்குள் நாவல்மேடு இருக்காது. ஆகவே, 'உலகத்தோடு சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்' என்று நாம் தில்லிக்கு எழுத வேண்டும் என்றாள்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற குப்பம்மாள், கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "கரி எரிச்சா கடலு ஏறுமா? அப்போ நம்ம கரிச்சடதான் கடல இட்டாந்து உள்ள உட்டானா?"

வரிசை சிரித்தது. ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய்க்கு இரண்டு மணி நேரம் நிற்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

"இல்ல பெரியம்மா, அது மரக்கரி. அதெல்லாம் ரொம்பச் சின்ன விஷயம். நான் சொல்றது பெரிய பெரிய ஆலை, கரண்டு, காரு..." என்றாள் மாஹிரா.

"சின்னதோ பெருசோ, பொகை பொகைதானே" என்றாள் குப்பம்மாள். ஊருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

சடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்தார்.

"தில்லி கையெழுத்துப் போட்டா என் நெலத்துல கீற உப்பு எறங்குமா, பாப்பா?"

மாஹிரா பொய் சொல்லத் தெரியாத பெண். அதுதான் அவளுடைய குறை. "உடனே எறங்காது மாமா. மேல ஏறாம நிக்கவே நாப்பது அம்பது வருஷம் ஆவலாம்."

"அம்பதா? பரவால்ல. லைட்டு கம்பத்துக்கே பதிமூணு ஆச்சு. நாடே சேரணும்னா அம்பது நாயமான கணக்குதான்."

மாஹிரா அச்சடித்த தாளை நீட்டினாள். பெயர், ஊர், கையெழுத்து மட்டும் போட்டால் போதும். நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். இது எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. கேஸ் இணைப்பு என்று சிலர் நினைத்தார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சடையப்பன், மளிகைக் கடையில் ஊசல் எண்ணெயை முகர்ந்தவர்போல் முகம் சுளித்தார்.

"இதுல சர்வே நம்பர் எங்க?"

"சர்வே நம்பர் வேணாம் மாமா. இது தில்லிக்குப் போறது. நாடு பூரா சேர்ந்து கேக்குற விஷயம்."

"சர்வே நம்பர் இல்லாத மனு தலை இல்லாத முண்டம். எந்த எடம்னு தெரியலன்னா அவுங்க எங்கன்னு வந்து பாப்பாங்கோ?"

"அவங்க வந்து பாக்குறதுக்கு இல்ல. சும்மா கொள்கைக்குத்தான்."

"கொள்கையும் ஒரு எடத்துல நிக்கணுமில்ல பாப்பா" என்றார். படித்த பெண்ணை வெற்றிகொண்ட மகிழ்ச்சியில் அச்சுத் தாளில் கையெழுத்துப் போடாமலே வீட்டுக்கு நடந்தார். தனி மனு எழுதப் போகிறாராம்.

மூன்று நாள் எழுதினார். முழு நீள வெள்ளைத் தாள், இடப்பக்கம் நாலு விரல் விட்டு மடிப்பு, நீல மை. அனுப்புநர்: த. சடையப்பன், தந்தை பெயர் தணிகாசலம், கதவு எண், குடும்ப அட்டை எண், பட்டா எண். தொழில்: விவசாயம் (முன்பு), கரி மூட்டம் போடுதல் (தற்போது). பொருள்: சர்வே எண் 118/2-இல் உள்ள எனது நஞ்சை நிலம் புகையினால் பாழாவது குறித்தும், புகையைக் குறைக்க உலக நாடுகளோடு நமது அரசு சேரக் கோருதல் தொடர்பாகவும். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். கடல் எப்படி ஏறியது, எருமை எப்படி முகம் திருப்பியது, ஒரு நாடு தனியாக நிறுத்த முடியாது, நாமும் சேர வேண்டும் என்று. முடிவில், அறுபத்தோரு மனுவிலும் எழுதிய அதே வரி, இந்த முறை புகைக்கு: 'ஆகவே சமூகம் அவர்கள் மேற்படி இடத்தை நேரில் பார்வையிட்டு, புகையை நிறுத்த உடனடி நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

செல்விக்கு வாசித்துக் காட்டினார். அவள் சேறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தில்லிக்காரங்கோ நேர்ல வந்து பாக்கணும்னு எழுதிகீறியா?"

"அது மொறை."

"வந்தா எங்க குந்த வெப்பே? மூட்டத்து மேலயா?"

"ஒனக்கு நக்கலு."

"நக்கலு இல்லய்யா. அறுவத்தோரு தபா வராதவங்கோ இந்தத் தபா வந்துடப் போறாங்கோன்னு பயம்."

பாலித் தீவுக் கூட்டம் நடந்து முடிந்தது. டீக்கடைத் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் கைதட்டுவதை சடையப்பன் பார்த்தார். நம் நாடு என்ன சொன்னது என்று கடைக்காரரைக் கேட்டார். அவர் ஏற்கெனவே வேறு அலைவரிசைக்கு மாற்றியிருந்தார். நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்ட அச்சுத் தாள்கள் தில்லியில் எந்தக் கோணியில் போயினவோ, அவற்றைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

சடையப்பனின் மனுவோ இறங்கத் தொடங்கியது.

ஒரு மனு மேலிருந்து கீழே இறங்கும்போது என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வரியைத்தான் படிப்பார்கள். முதல் மேஜையில் 'உலக நாடுகள்' என்பதைப் படித்து, இது நமதல்ல என்று வேறு இலாகாவுக்குத் தள்ளினார்கள். அங்கே 'கடல்' என்று படித்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே 'நிலம்' என்று படித்து, நிலம் மாநிலத்தின் பொறுப்பு என்று சென்னைக்கு இறக்கினார்கள். சென்னையில் 'புகை' என்றும், மாவட்டத்தில் 'உடனடி' என்றும் படித்தார்கள். கடைசி மேஜையில் 'சர்வே எண் 118/2' கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது. இடம் தெரிந்துவிட்டதே. தில்லியில் உலகமாக இருந்தது, நாவல்மேட்டுக்கு வந்து சேரும்போது ஒரு புகார் ஆகியிருந்தது: 'மேற்படி சர்வே எண்ணில் கரி மூட்டம் போடுவதால் எழும் புகையை நிறுத்தி, புகைப்படத்துடன் நடவடிக்கை அறிக்கை அனுப்புக.' அதன் மேல் பதினோரு முத்திரை. சூடு போட்ட காளைமாட்டு முதுகில்கூட அத்தனை இருக்காது.

மறு வருஷம் மே மாதம், அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், கிராம நிர்வாக அலுவலர் மோசஸ் தன் மொபெட்டில் வந்தார். சடையப்பனின் மூட்டம் அன்று ஒன்பதாம் நாள். காலையில்தான் புகை நீலமாகித் துளைகளை அடைத்திருந்தார். அந்தக் கோடையில் போட்ட மூட்டங்களில் அதுதான் பெரிது, இரண்டு ஆள் உயரம். வயலில் மிச்சமிருந்த முதிர்ந்த மரம் அத்தனையும் அதற்குள் இருந்தது. இனி வெட்ட வேண்டுமானால் கன்றுகள் வளர மூன்று வருஷம் ஆகும்.

"சடையப்பண்ணே, உங்க மனு வந்துக்கிது" என்றார் மோசஸ், முகத்தைப் பார்க்காமல்.

சடையப்பன் கையிலிருந்த சேற்றை வேட்டியில் துடைத்தார். "எந்த மனு சார்? லைட்டா, வாத்தியாரா?"

"தில்லி."

அந்த மனிதர் முகம் எப்படி ஆனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கரி படிந்த அந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. செல்வியைக் கூப்பிட்டு, ஓடிப்போய் சாருக்கு கலர் வாங்கி வரச் சொன்னார். மோசஸ் கையிலிருந்த கோப்புக் கட்டைத் தானே வாங்கி முத்திரைகளைத் தொட்டு எண்ணினார். பதினொன்று என்று வாய்விட்டுச் சொன்னார். வேலியோரம் கூடிய நாலைந்து பேரிடம் தூக்கிக் காட்டினார்.

"உள்ள கீறதப் படிங்கண்ணே" என்றார் மோசஸ்.

படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"சார், இது தப்பா வந்துக்கிது. நான் கேட்டது உலகத்துப் பொகை."

"தெரியும்."

"என் பொகைய யாரு கேட்டா?"

"நீங்கதான்" என்றார் மோசஸ். கெட்ட மனிதரல்ல. அதனால்தான் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. "சர்வே நம்பர் போட்டு, தொழிலும் போட்டு, நேர்ல வந்து பொகைய நிறுத்துன்னு எழுதிகீறீங்க. கையெழுத்து உங்களுது. ஆர்.ஐ. சார் வந்துகினு கீறாரு. ஆளுங்கள இட்டுக்கினு."

கலர் பாட்டிலோடு வந்த செல்வி, மோசஸ் முகத்தையும் புருஷன் முகத்தையும் பார்த்தாள். பாட்டிலைக் கொடுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வருவாய் ஆய்வாளர் வசந்தகுமார் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்தார். கூடவே கடப்பாரையோடு நாலு ஆட்கள். நாஷ்டா சாப்பிடவில்லை போலும், வரும்போதே எரிச்சலாக இருந்தார். குடையை விரித்துக்கொண்டு மூட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இதான் ஸ்பாட்டா? பொகையே காணோம்?"

"இன்னிக்குத்தான் அடைச்சோம் சார்" என்றாள் செல்வி. "நாலு நாள் உடுங்கோ. ஆறுனதும் நாங்களே பிரிச்சி எடுத்துக்கினு போயிர்றோம். அப்பறம் மூட்டமே கெடையாது."

"நாலு நாளா? எனக்கு மூணு மணிக்கு ஃபோட்டோ போவணும்மா. தில்லி பேப்பரு. வெளையாட்டா?"

"தில்லிக்கு எங்க கரி மேல இன்னா சார் கோவம்?"

"உன் ஊட்டுக்காரரைக் கேளு."

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. அதற்குள் ஊரில் பாதி வந்துவிட்டது. குப்பம்மாள் ஒரு மர நிழலைப் பிடித்து வசதியாக உட்கார்ந்திருந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேனில்ல, பொகை பொகைதானே" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

வசந்தகுமார் கோப்பைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார். சடையப்பனை ஒதுக்கமாக ஜீப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பெரியவரே, உன் மனுவுல பொகை மட்டும் இல்ல. கடலு ஏறிச்சி, நெலம் உப்பாச்சின்னு வேற கதை எழுதி வெச்சிகீறே. அதுக்கும் நான் பதில் சொல்லணும். கடலு ஏறிச்சா, நீங்க எல்லாம் போரு போட்டு உறிஞ்சனதால உப்பு வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? மண்ணு டெஸ்டு, தண்ணி டெஸ்டு, மேப்பு... என் சர்வீஸே முடிஞ்சிடும். ஒண்ணு பண்ணு. மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடு. நெலத்துல உப்பு ஏறல, கடலு வரல, தெரியாம எழுதிட்டேன்னு. முடிச்சிடலாம்."

"உப்பு ஏறலன்னா?"

"ஆமா."

"ஏறிகீதே சார். குனிஞ்சி பாருங்கோ, வெள்ளையா."

"நான் குனியறதுக்கு வர்ல. எழுதறியா, இல்லையா?"

"எழுதுனா மனு முடிஞ்சிடுமா?"

"மனுவே இல்லன்னா அப்புறம் இன்னா கீது?"

சடையப்பன் நிலத்தைப் பார்த்தார், பிறகு மூட்டத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றிலும் பொய் எழுதியதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. இந்த உப்பைத் தில்லி தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டால் என்றைக்காவது அந்த நிலத்தில் நெல் வரும் என்றுதான் இவ்வளவும் எழுதியது. இப்போது அதையே தன் கையால் அடிக்கச் சொல்கிறார்கள்.

செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுதிக் குடுய்யா."

"நெல்லு வரணும்னு எழுதுனதுடி."

"நெல்லு என்னிக்கோ வரட்டும். கரி உள்ள கீது. எழுது."

ஜீப்பின் பானட்டில் தாளை வைத்து எழுதினார். சூட்டில் பானட் தோசைக்கல்போல் காய்ந்திருந்தது, மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி எழுதினார். அப்போதும் மடிப்பை விடவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள். 'சர்வே எண் 118/2-இல் உள்ள எனது நிலத்தில் கடல்நீர் புகவில்லை என்றும், உப்பு ஏறவில்லை என்றும், நிலம் நல்ல நிலையில் உள்ளது என்றும், மேற்படி மனுவைத் தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்றும் சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன்.' 'சுயநினைவோடு' என்பதை யாரும் கேட்கவில்லை. முறைப்படி இருக்கட்டும் என்று அவராகச் சேர்த்துக்கொண்டார். கையெழுத்திட்டார்.

வசந்தகுமார் வாங்கிப் படித்தார். "எழுத்து நல்லா கீது" என்று பாராட்டிவிட்டுக் கோப்பில் வைத்துக் கட்டினார். பிறகு கடப்பாரை ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

சடையப்பனுக்கு உடனே புரியவில்லை. அவர்கள் நாலு அடி வைத்த பிறகுதான் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"சார், எழுதிக் குடுத்துட்டனே. மனு முடிஞ்சிதுன்னு சொன்னீங்களே."

"மனு முடிஞ்சிது. ஆர்டரு முடியலையே. பொகைய நிறுத்துன்னு ஆர்டர் போட்டாச்சி, அது வேற ஃபைலு. அதுக்கு நான் ஃபோட்டோ அனுப்பியே ஆவணும்."

"அப்போ எதுக்கு சார் எழுதச் சொன்னீங்கோ?"

"உப்புக்கு. சும்மா பேஜார் பண்ணாத பெரியவரே, வெயில்ல நிக்க முடியல. நவுரு."

அவர் நகரவில்லை. மோசஸ்தான் தோளைப் பிடித்து நகர்த்தினார். முதல் கடப்பாரை மூட்டத்தின் தோளில் இறங்கியது. காய்ந்த சேறு பெயர்ந்து விழ, உள்ளே ஒரு நொடி கறுப்பாக, அழகாக, கண்ணாடிபோல் பளபளவென்று கரி தெரிந்தது. செல்வி அதைப் பார்த்தாள். அடுத்த நொடி காற்று உள்ளே போனது.

நான் பல தீயைக் கண்டவள். அதைப் போல ஒன்று பார்த்ததில்லை. மூட்டம் ஒரு மூச்சு இழுத்தது, பிறகு மொத்தமாக விட்டது. கடப்பாரை ஆட்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புகை எழுந்ததே, சடையப்பன் வாழ்நாளில் போட்ட அத்தனை மூட்டமும் சேர்ந்து விட்டிருந்தால்கூட அத்தனை இராது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் எல்லாம் அன்று வெட்கப்பட்டு உள்ளே இழுத்துக்கொண்டன என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். சரி, அதை நான்தான் சொன்னேன். ஏரியில் இருந்த நாரைகள் கிளம்பி ஆந்திரா பக்கம் போயின.

"அணைங்கய்யா, அணைங்க" என்று கத்தினார் வசந்தகுமார். "பொகையோட எப்படி ஃபோட்டோ எடுக்குறது? பொகை இல்லன்னு காட்டணுமில்ல?"

பக்கத்தில் இருந்த ஒரே தண்ணீர் சடையப்பனின் கிணற்றுத் தண்ணீர்தான். ஊர் சேர்ந்து குடம் குடமாகக் கைமாற்றி ஊற்றியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். குப்பம்மாளும் நின்றாள், அவளைக் குறை சொல்லக்கூடாது. நெருப்பு அணைய ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் சாம்பல் மலை, ஓரத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நனைந்த கரி மிஞ்சியது. வெயில் பட்டதும் அந்தக் கரி மேல் வெள்ளையாகப் பொரி பொரியாகப் பூத்தது.

வசந்தகுமார் முகமெல்லாம் கரி. ஒரு குடத்தை வாங்கி முகம் கழுவினார். வாய்க்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும். துப்பினார். மறுபடி துப்பினார்.

"இன்னாய்யா இது, கடல்தண்ணி கணக்கா கீது."

மோசஸ் கோப்பைப் பார்த்தார். வசந்தகுமாரும் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டு, சாம்பலுக்கு முன்னால் சடையப்பனை நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, மூன்று படம் எடுத்தார். மூன்றாவது படத்துக்கு, "தலைய நிமிரு பெரியவரே, மனுதாரர் மூஞ்சி தெரியணும்" என்றார்.

மிஞ்சிய கரியைக் காயவைத்து செல்வி பட்டணத்துக்கு அனுப்பினாள். ஒரே வாரத்தில் டீக்கடைக்காரர் ஆளைவிட்டுச் சொல்லி அனுப்பினார். அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கிறதாம், வாடிக்கையாளர் சட்டையில் பொறி விழுகிறதாம், இனி வேண்டாமாம். அதன் பிறகு செல்வி வெட்ட மரமும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில், ரயிலில் வரும் நிலக்கரியை இறக்கும் கூலி வேலைக்கு இருவரும் போனார்கள். காலை ஆறு மணி பஸ்ஸில் போய் இரவு எட்டு மணி பஸ்ஸில் திரும்புவார்கள். அவர் மனு எழுதுவதையும் நிறுத்தவில்லை, என்ன எழுதினாலும் சர்வே எண்ணை மட்டும் விட்டுவிடுவார். அதனால் எதற்கும் பதில் வராமல் நிம்மதியாக இருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடியில் விவசாய இலாகா ஆட்கள் நாவல்மேட்டுக்கு வந்தார்கள். உப்பேறிய நிலங்களைத் திருத்த ஜிப்சம் மூட்டைகளும், உப்பைத் தாங்கும் புது நெல் விதையும் தருவதாகப் பட்டியல் எடுத்தார்கள். மேட்டு நிலம், பள்ள நிலம் என்று பார்க்காமல் நூற்றுப் பத்து பேர் பெயர் ஏறியது. உப்பே இல்லாத குப்பம்மாளின் களத்துமேடுகூட ஏறியது. 118/2 மட்டும் இல்லை.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சடையப்பன் மோசஸ் அலுவலகத்துக்குப் போனார். மோசஸ் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இத வெச்சிக்கினு நான் எப்படிண்ணே உப்புன்னு எழுதுவேன்? சுயநினைவோடன்னு வேற போட்டுகீறீங்களே. அந்த ஒரு வார்த்த இல்லன்னா மெரட்டி வாங்கனாங்கன்னாவது சொல்லிப் பாத்திருப்பேன்."

சடையப்பன் தாளைக் கையில் எடுத்தார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் படித்தார். ஏதாவது ஓர் ஓட்டை அகப்படுமா, ஒரு தேதி தவறியிருக்குமா, பட்டா எண்ணில் ஒரு இலக்கம் பிசகியிருக்குமா என்று. ஒன்றும் இல்லை. அவர் எழுதியதில் அப்படி எப்போதும் இருந்ததில்லை. தாளை மடிப்புக் குலையாமல் திரும்ப வைத்துவிட்டு, நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று எழுந்து வெளியே வந்தார்.